காதால் ஒரு ரவுண்ட்ஸ்

அந்த வீட்டில் கொஞ்ச நாளாகத் தும்முவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி கொடுக்கும் அதிகாரி வீட்டின் மூத்த மகள். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். வாயைத் திறந்தாலே தீர்ப்புதான் வரும் என்பதால் அப்பா அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்திருந்தார். இத்தனை கெடுபிடிக்கும் காரணமான பரீட்சையை எழுதப் போகிறவள் அவள் இல்லை. அவளுடைய அம்மா.

அம்மாவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் வார்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் பெரிய டாக்டர்கூட அப்படித்தான். விரிப்பு மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, உடம்பு துடைத்து விடுவது, சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்குக் கதை சொல்லிக் கஞ்சி ஊட்டுவது என்று கல்யாணமான புதிதில் சேர்ந்த உதவியாளர் வேலை. யாருக்காவது உடம்பு மோசமாகிறது என்றால் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு அனுமதி. நர்ஸ் வேறொரு படுக்கையில் கைவேலையாக இருந்தால் அந்தப் பக்கம் ஓடி, இந்தப் பக்கம் ஓடி, நடுவில் நின்று கையைப் பிசைய வேண்டும். அப்படிக் கையைப் பிசைந்து பிசைந்து அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. அதனால்தான் பிள்ளைகளையும் வேலையையும் வைத்துக்கொண்டு மாலை வகுப்பில் சேர்ந்து நர்ஸ் படிப்பை முடித்தாள்.

முடித்து என்ன, லைசென்ஸ் பரீட்சை ஒன்று வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை கொடுத்து, ஒன்றின் வட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்லும் பரீட்சை. முதல் தடவை கோட்டை விட்டாள். இரண்டாவது தடவை அதைவிட மோசமாகக் கோட்டை விட்டாள். மூன்றாவதும் போனால் படிப்பையே முதலிலிருந்து படித்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. நாற்பதைத் தாண்டியவளிடம் வந்து முதலிலிருந்து என்றால் அவள் எங்கே போவாள்? இந்தத் தடவைதான் தடவை.

"பாடம் உனக்கு நல்லாத் தெரியும்மா. பரீட்சை எழுதத்தான் தெரியல" என்று ஜட்ஜம்மா தீர்ப்பு சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"இல்லவே இல்ல."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜை வகுப்பறையானது. தெரியாத கேள்வியைக் கட்டிக்கொண்டு அழாதே, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ என்றாள் மகள். வார்டக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பாதி துடைத்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அவசரப் பிரிவுல ஒரே நேரத்துல பத்துப் பேர் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மகள் மடக்கினாள். "வரிசையாவா பார்ப்பீங்க?"

அம்மா வழிக்கு வந்தாள். புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டாள். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு தள்ளக்கூடிய இரண்டை முதலில் தள்ளக் கற்றுக்கொண்டாள். ஒரு தடவை கறுப்பாக்கியதைத் திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்டு அழிக்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டாள், அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு வட்டத்தையும் காலியாக விடக் கூடாது. கேள்வியில் 'முதலில்' என்று இருந்தால் அதன் கீழே கோடு போட வேண்டும்.

"ரத்தம் ஏத்திட்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வருது. கொடுத்திருக்கற நாலுமே செய்ய வேண்டிய வேலைதான். ஆனா எது முதல்ல?" என்று மகள் கேட்பாள்.

"முதல்ல ரத்தம் ஏத்தறதை நிறுத்தணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

"அப்போ போன தடவை ஏன் டாக்டரைக் கூப்பிடறதுன்னு போட்டே?"

"கூப்பிட்டே பழகிட்டேன்டி" என்றாள் வார்டக்கா. மகள் திட்டாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. மேஜையில் வைத்து எழுதிய மாதிரித் தேர்வுகளில் தாராளமாகத் தேறிக்கொண்டிருந்தாள். அதுவும் எப்படிப்பட்ட மேஜை! வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். பின்னறையில் எப்போதும் யாருடைய மெஷினாவது ஒன்று வைத்தியத்துக்கு வந்து நிற்கும். அது பிழிகிற சுற்றுக்கு வந்துவிட்டால் வீட்டுச் சுவரே ஆடும். நடுவில் சின்னவள் வேறு. ஒன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன் பேர்வழி என்று பிஸ்கட் உறை முதல் பல்பு அட்டை வரை கையில் கிடைத்ததையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டிருப்பாள்.

இந்த இரைச்சலிலேயே இவ்வளவு வாங்குகிறாள் என்றால், அமைதியாக இருந்தால் எவ்வளவு வாங்குவாள்! இதுதான் ஜட்ஜம்மா போட்ட கணக்கு. யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். உடனே சட்டம் வந்தது. அம்மா எழுதும்போது மெஷின் ஓடக் கூடாது. கதவு கிறீச்சிடக் கூடாது, எண்ணெய் விட்டாயிற்று. சின்னவள் மனசுக்குள் மட்டும் வாசிக்க வேண்டும். மெக்கானிக் காலுறை போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடமாடினார்.

"என் வீட்டுலயே திருடன் மாதிரி நடக்க வேண்டியிருக்கு" என்று அவர் முணுமுணுத்தார். முணுமுணுத்ததற்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

குண்டூசி விழுந்தால் கேட்கிற அந்த அமைதியில் வார்டக்காவின் மதிப்பெண் குறைய ஆரம்பித்தது. மகள் காதடைப்பான் வாங்கிவந்து மாட்டிவிட்டாள். மதிப்பெண் தடாலென்று விழுந்தது. அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சை நெருங்க நெருங்க வார்டக்காவுக்குப் போன தடவை ஹாலில் வந்த அதே நடுக்கம் இப்போது சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் விஷயம் வெளிப்பட்டது. சின்னவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள். வார்டக்கா மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே கடிகாரத்தோடு ஜட்ஜம்மா. பாதியில் அம்மா பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று மகள் நினைத்தாள். அம்மா நேராகப் படுக்கையறைக்குப் போய், தூங்குகிற சின்னவளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா! என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லடி. சத்தமே காணோமேன்னு பார்த்தேன்."

"சத்தம் இருக்கக் கூடாதுன்னுதானே எல்லாரும் வாயைப் பொத்திட்டு இருக்கோம்!"

"தெரியுது. இருந்தாலும் ஒரு பார்வை பார்த்துட்டா மனசு அடங்கிடும்."

பின்னறையிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினார். "சித்த முன்னாடி எங்கிட்டயும் வந்தா. டீ கொண்டு வர்றாளாக்கும்னு கண்ணை மூடிட்டு ஜம்முனு சாஞ்சிருந்தேன். மூக்குல விரலை வச்சுப் பார்த்துட்டுப் போயிட்டா. உசுரோட இருக்கறவனுக்கு ஒரு டீ கொடுத்தா என்ன?"

யாரும் சிரிக்கவில்லை. வார்டக்காவுக்குத் தான் அங்கே போய்வந்ததே நினைவில் இல்லை. அதுதான் அவளை ஆட்டிவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வார்டுல சத்தம் இருந்தா எனக்குப் பயமே இல்லடி" என்றாள் மெதுவாக. "முனகறவங்க முனகிட்டிருப்பாங்க, இருமறவங்க இருமிட்டிருப்பாங்க, மெஷின் பாட்டுக்குக் கத்திட்டிருக்கும். சரி, எல்லாரும் இருக்காங்கன்னு அர்த்தம். எந்தச் சத்தம் நிக்குதோ அங்கதான் ஓடணும். எத்தனை தடவை ஓடியிருக்கேன். சில சமயம் ஓடியும் பிரயோஜனமில்லாமப் போயிருக்கு."

"பரீட்சை ஹால்லயும் இப்படித்தானா?" என்று மகள் கேட்டாள்.

வார்டக்கா விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னாள். "போன தடவை எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த பையன் மேஜையில தலையைக் கவுத்துட்டான். அசைவே இல்ல. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். மேற்பார்வை பார்க்கறவர் வந்து, 'இந்த வயசுல காப்பி அடிக்கறீங்களே, வெட்கமா இல்ல?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். இன்னொரு தடவை நிமிர்ந்தா வெளிய அனுப்பிடுவேன்னார். அதுக்கப்புறம் ஒரு எழுத்துகூடக் கண்ணுல படல."

"எங்ககிட்ட நேரம் பத்தலன்னுதானே சொன்னே?"

"பின்னே எப்படிச் சொல்றது? பெத்த பொண்ணுகிட்டப் போய்க் காப்பி அடிச்சேன்னு பிடிச்சாங்கன்னு சொல்லவா?"

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. "எவன் அவன்?" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு திக்கும். "பக்கத்து வீட்டு ஸ்பூன் ஒண்ணு தப்பா நம்ம பாத்திரத்தோட வந்துட்டாக்கூடத் தூக்கம் வராம விடியக்காலையில போய்க் கதவைத் தட்டறவ. அவளைப் போய்..." தோளில் கிடந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜட்ஜம்மாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம். ஊரெல்லாம் தேடிக் காதடைப்பான் வாங்கிவந்து, அம்மாவை அமைதியில் போட்டுப் புதைத்தவள் அவள்தானே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ஜட்ஜ் பதவி போய்விடும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்போ மெஷினை ஓட விட்டுடலாமா?" என்றார் மெக்கானிக் ஆசையாக.

"இங்க ஓடும். ஹால்லே யார் ஓட விடுவாங்க?" என்றாள் மகள். "அம்மா, வார்டுல எல்லாரும் தூங்கிட்டா, சத்தமே இல்லாத நேரமும் இருக்கும்ல? அப்போ நீ என்ன பண்ணுவே?"

"ஒரு ரவுண்ட்ஸ் போவேன். கடைசிக் கட்டில் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துட்டா, அப்புறம் நிம்மதியா உட்கார்ந்து வேலையைப் பார்ப்பேன்."

"அப்போ ஹால்லயும் போ."

"எழுந்திரிச்சா வெளிய தள்ளிடுவாங்கடி!"

"எழுந்திரிக்க வேண்டாம். தலையைக்கூடத் தூக்க வேண்டாம். காதால போ."

அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்த கூத்தை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் குடும்பத்தோடு மந்திரித்துவிடச் சொல்லியிருப்பார்கள். மேஜையைச் சுற்றி நான்கு பேரும் பென்சிலோடு உட்காருவார்கள். மூன்று பேர் வாயைத் திறக்காமல் எதையாவது கிறுக்குவார்கள். வார்டக்கா பார்வையைத் தாளிலிருந்து எடுக்காமல் காதை மட்டும் அனுப்ப வேண்டும். இதோ பெரியவளின் பென்சில், அழுத்தி எழுதுவாள். இதோ சின்னவள், மூக்கால் மூச்சு விட மாட்டாள், வாயால்தான். இதோ அவர், நாற்காலியில் ஆடாமல் உட்காரத் தெரியாத மனுஷர். சரி, எல்லோரும் இருக்கிறார்கள். இனி நம் வேலை. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஒரு ரவுண்ட்ஸ், அவ்வளவுதான். நடுவில் காது தானாகக் கிளம்பினால், பக்கம் முடியட்டும் என்று அதை உட்கார வைக்க வேண்டும்.

ஒருநாள் மெக்கானிக் சோதனை செய்கிறேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க" என்றாள் வார்டக்கா, தாளைவிட்டுப் பார்வையை எடுக்காமலே. "இந்த வயசுல இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்."

பக்கத்தின் கடைசிக் கேள்விக்கு வட்டத்தைக் கறுப்பாக்கினாள். அந்தப் பக்கத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை.

பரீட்சை நாளன்று ஹால் வாசலில் விடைபெறும்போது மூன்று பேரும் ஆளுக்கொரு புத்திமதி சொன்னார்கள். வார்டக்காவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஹால் பெரியது, உயரமான ஜன்னல்கள், எல்லாம் சாத்தியிருந்தன. மேற்பார்வைக்கு வந்த அம்மாள் ரப்பர் செருப்பு போட்டிருந்தார், நடப்பதே தெரியவில்லை. வினாத்தாளைப் பிரிக்கலாம் என்றார்கள். பிரிக்கிற சலசலப்பு அடங்கியதும் அந்த அமைதி வந்து கவிந்தது. வார்டக்காவுக்கு முதல் கேள்வியில் எழுத்துகள் நெளிந்தன.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கொர்ர்... கொர்ர்...

யாரோ ஒரு புண்ணியவான் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே வரும்போதே பார்த்திருந்தாள், அவளுக்குப் பின்னால் தாடி வளர்ந்த ஒரு வார்டு உதவியாளர், இரவு டூட்டி முடித்து உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். வினாத்தாளைக் கையில் வாங்கிய கையோடு கண் அசந்துவிட்டார் போலிருக்கிறது. ஹாலில் ஆங்காங்கே எரிச்சலோடு உச்சுக்கொட்டினார்கள். வார்டக்காவுக்கோ அந்தக் குறட்டை தேனாக இனித்தது. வார்டிலேயே இருக்கிற மாதிரி மனசு நிலைக்கு வந்தது. எழுத்துகள் நெளிவதை நிறுத்தின. முதல் பக்கத்தை ஒரே மூச்சில் முடித்தாள்.

இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது ரப்பர் செருப்பு அவளைத் தாண்டிப் பின்பக்கம் போனது. எழுப்பாதீங்க, கொஞ்ச நேரம் விட்டுடுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அடுத்த நிமிஷமே அவளுக்கு உறைத்தது. அந்த மனுஷருக்கும் இது பரீட்சைதானே? அவரும் எத்தனையாவது தடவையோ? எழுப்பாமல் விட்டால் அவர் கதி என்ன? எழுப்புங்க தாயி, சீக்கிரம் எழுப்புங்க என்று வேண்டுதலை மாற்றிக்கொண்டாள். பின்னால் குறட்டை பாதியில் அறுந்தது. நாற்காலி நகர்ந்தது. "ஐயோ, மன்னிச்சுக்கோங்க" என்று ஒரு கரகரத்த குரல். பிறகு அவருடைய தாள் புரளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மறுபடியும் அமைதி. அதோடு விட்டதா? அவளுக்கு நேர் முன்னால் இருந்த பெண்ணின் பென்சில் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான்.

வார்டக்காவின் கழுத்து நிமிரத் துடித்தது. ரப்பர் செருப்பு திரும்பி வந்து பக்கத்திலேயே நின்றது. இந்த வயசுல வெட்கமா இல்ல என்ற பழைய குரல் காதுக்குள் கேட்டது. கண்ணை வினாத்தாளில் ஆணியடித்த மாதிரி வைத்துக்கொண்டாள். பக்கம் இன்னும் முடியவில்லை. முடியாவிட்டால் என்ன, சட்டம் போட்டவளே வந்து கேட்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். காதை அனுப்பினாள்.

முன்னால், அந்தப் பெண். மூச்சு இருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிறாள். அழுகிறாள், பாவம், அவ்வளவுதான். அழுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இடது பக்கம் ஒருவர் காலாட்டிக்கொண்டிருக்கிறார். வலது பக்கம் அழிப்பான் தேய்கிறது, அழிக்காதே அப்பா, முதலில் போட்டதுதான் சரியாக இருக்கும். பின்னால் அந்தக் குறட்டைக்காரர் வேகவேகமாக எழுதுகிறார், விட்டதைப் பிடிக்கிற வேகம். கடைசி வரிசையில் ஒரு சின்ன இருமல். எல்லோரும் இருக்கிறார்கள். ஒருத்தரும் எங்கும் போகவில்லை.

முன்னால் பென்சில் மறுபடியும் நகர ஆரம்பித்தது.

"நல்லா எழுதும்மா" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வார்டக்கா தன் கேள்விக்குத் திரும்பினாள். 'முதலில்' என்பதன் கீழே கோடு போட்டாள். தெரியாததற்குப் புள்ளி வைத்தாள். திரும்பி வந்து, தள்ள வேண்டிய இரண்டைத் தள்ளி, மிச்சத்தில் ஒன்றைக் கறுப்பாக்கினாள். மணி அடித்தபோது ஒரு வட்டமும் காலியாக இல்லை.

வெளியே மூன்று பேரும் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். எப்படி எழுதினாய் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

"ஏன் இப்படி ஊமையா நிக்கறீங்க?" என்று பதறினாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

முடிவு வருகிற நாளன்று அவள் டூட்டி முடிந்து வந்து சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஜட்ஜம்மா போனும் கையுமாக இருந்தாள், அவள் தோளுக்கு மேலே மெக்கானிக்கின் தலை, கையிடுக்கில் சின்னவளின் தலை. திறக்குதா, திறக்கலையே, நம்பரைச் சரியாப் போடு, நீங்க சும்மா இருங்கப்பா என்று சலசலத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஓய்ந்தார்கள்.

வார்டக்கா குழாயை மூடினாள். கூடத்தில் சத்தமே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் அனுப்பினாள். அவருடைய மூச்சு கனமாக வந்தது. பெரியவளின் மூச்சு துண்டு துண்டாக, தொண்டையில் தட்டித் தட்டி வந்தது. கட்டில் ஓரத்தில் நிற்கிற சொந்தக்காரர்களிடம் இந்த மூச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாததா? கையிலிருந்த தட்டைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

"பரவாயில்ல, சொல்லுங்க" என்றாள். குரல் அவள் சொன்னபடி கேட்கவில்லை. "முதல்லேர்ந்து படிச்சா என்ன இப்போ? படிக்கறேன். யாரும் அழ வேண்டாம்."

திரும்பினாள். ஜட்ஜம்மா வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருக்கிற வாயில் ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக் தோள்துண்டால் முகத்தையே மூடிக்கொண்டிருந்தார். சின்னவள் மட்டும், யாரும் கவனிக்காத சமயம் பார்த்து, அக்காவின் கையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்து விரலை வைத்து வாசித்தாள்.

"தே... தேர்... தேர்ச்... சி. தேர்ச்சி. அம்மா, தேர்ச்சின்னா என்ன?"

வார்டக்கா ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் வந்தாலும் மனுஷர்களுக்கு இப்படி மூச்சுத் தட்டும், வாயடைத்துப்போகும் என்பது இத்தனை வருஷ வார்டு வாழ்க்கையில் அவளுக்கு மறந்தே போயிருந்தது. பெரியவள் வந்து மடியில் விழுந்து ஓவென்று அழுதாள், பதவி போனால் போகட்டும் என்று. சின்னவள் பதில் வராத கேள்வியை மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் பின்னறைக்குப் போனார். உள்ளே ஒரு துணியும் இல்லாத மெஷினைப் பிழிகிற சுற்றில் ஓடவிட்டார். சுவர் ஆடியது, அலமாரியில் தட்டுகள் ஆடின. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை.